சைக்கிள் டியூப்பும் ஆறு விசிறிகளும்

நேரில் ‘அக்கா, நீங்க’ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் ‘அவள்’ என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும். அவள்மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு இந்த மரியாதைக் குறைவாவது வேண்டும்.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். எனக்கு ஓரகத்தி. போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் வீட்டின் மூத்த மருமகள். நான் இளையவள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அதில் கடைசி ஐந்து வருடம் எங்கள் மாமியாருக்குக் கண் தெரியாது. அந்த ஐந்து வருடமும் அவள் மாமியாரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஒரு வேளைச் சோறு பிந்தியதில்லை. மாத்திரை, வெந்நீர், வெளுத்த சேலை எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். இப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழிக்குக் கடைசியில் நானே வழி செய்து கொடுத்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து அவளையும் மன்னிக்க முடியவில்லை, என்னையும் மன்னிக்க முடியவில்லை.

அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். உள்ளே வெற்றிலை பாக்கு இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிய துண்டுகளும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும்தான் இருக்கும். எங்கே சத்தம் கேட்டாலும் அங்கே போய் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒரு துண்டை மடித்துச் செருகுவாள். நாற்காலிக் காலுக்கு ஒன்று. கிரைண்டருக்கு அடியில் நான்கு. பீரோக் கதவுக்கு, ஜன்னல் கொக்கிக்கு, இட்லிச் சட்டி மூடிக்கு. ஏலக்காய் பொறுக்க வரும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கிற அடுப்படி அது. ஒரு கரண்டி விழுந்த சத்தம் நான் கேட்டதில்லை. காலில் அவளே டியூப்பை வெட்டித் தைத்த செருப்பு. அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எங்கள் வீட்டுப் பூனைக்கே தெரியும். அது துள்ளி ஓடும்.

நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலை என் காலைப் பார்த்தாள்.

“கொலுசக் கழட்டிரும்மா. இந்த வீட்ல கொலுசுச் சத்தம் ஆகாது. அத்தை சொல்லியிருக்காக.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நேராக மாமியாரிடம் போய்க் கேட்டேன். அப்போது அவருக்குப் பார்வை இருந்தது. வந்திருந்த காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா? சொன்னேனா? சொல்லியிருப்பேன்,” என்றார். “எந்தக் காலத்துலயோ. ஒனக்கு வேணும்னா போட்டுக்கத்தா.”

திரும்பி வந்து அவளிடம் இதைச் சொன்னேன். நான் கழற்றி வைத்துவிட்டுப் போன கொலுசை அவள் ஏற்கெனவே ஒரு பழந்துணியில் சுற்றி வைத்திருந்தாள். “அவுகளுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல,” என்றாள். அதைச் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது யோசித்தால் ஆத்திரமாக வருகிறது.

அவள் பிறந்தது சுருளிப்பட்டியில். அப்பா ரைஸ் மில் வைத்திருந்தவர். ஒருமுறை அவளுடைய தம்பி ஒரு கூடை திராட்சையோடு வந்தான். தெருமுனையில் அவன் பேசுவது எங்கள் கொல்லைவரைக்கும் கேட்டது. அவள் உதடு மட்டும் அசைந்து பதில் சொன்னாள். அவன் சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

“மில்லு ஓடும்போது எங்கப்பாரு காதுல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு. இவ வாசல்ல நின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவாரு. ஊர்லயே பெரிய தொண்டை இவளுக்குத்தான். இங்கன வந்து இப்பிடி ஆகிட்டா.”

“போதும்டா, திராட்சையத் தின்னு,” என்றாள் அவள். அதுவும் பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

சனிக்கிழமைகளில் குச்சனூர் போய் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவாள். ஓர் ஆடிச் சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனாள். கூட்டம் நெரிந்தது. வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் வேண்டல. அவரு பிடிச்சா ஏழரை வருசத்துல விட்டுருவாராம்ல. எப்பிடி விடுறாருன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்,” என்றாள். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வந்த நான்காம் வருடம் சர்க்கரை மாமியாரின் கண்ணை எடுத்துக்கொண்டது. மதுரைக்குக் கூட்டிப்போனோம், இனி திரும்பாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்ற வீடுகளில் கண் போனவர்கள் காதை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். கதவு கிறீச்சிட்டால் யாரோ வருகிறார்கள், பாத்திரம் உருண்டால் அது அடுப்படிப் பக்கம் என்று பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டில் பிடிபட எதுவும் இல்லை. அவள்தான் இத்தனை வருடமாக ஒவ்வொன்றாக ஊமையாக்கி வைத்திருந்தாளே. காய் பொறுக்கும் பெண்கள்கூட முன்கட்டுக் கொட்டகையில் வாயை மூடிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். மாமியார் பட்டாசாலையில், அந்த நடுக்கூடத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியோடு அவர் பாடு முடிந்தது.

சில நாள் மாடிப்படியில் இறங்கும்போது பார்ப்பேன். மாமியாருக்கு முன்னால் நான்கு முழத் தூரத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். கையில் ஒன்றும் இருக்காது. சும்மா நிற்பாள். மாமியார் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பாமல் நேரே வைத்துக்கொண்டு இருப்பார். என்னைப் பார்த்ததும் அவள் உதட்டில் விரலை வைத்து, தூங்குகிறார் என்பதுபோல் சாடை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு பெங்களூர் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புதிதாக எதையாவது பழகிப் பார்க்க எனக்கென்று ஒன்று வேண்டும் என்று, எங்கோ கழித்துப் போட்ட பழைய சர்வர் ஒன்றை வாங்கி மாடி அறையில் வைத்தேன். பள்ளிக்கூட மேசை நீளத்துக்குச் சப்பையான இரும்புப் பெட்டி. நடுவில் வரிசையாக ஆறு சின்ன விசிறிகள். ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சுவிட்சைப் போட்டால் ஆறு மிக்ஸியைச் சேர்த்து ஓட்டியதுபோல் இரையும். ஓடிச் சமாதானமான பிறகும் அந்த இரைச்சல் மேசை வழியாகச் சுவரில் இறங்கி, சுவர் வழியாகக் கீழே பட்டாசாலைக்கு வந்து நிற்கும்.

முதல் நாள் அவள் மேலே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். அவள் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை.

நான் கீழே போய் மாமியாரிடம் தயங்கிக்கொண்டே கேட்டேன்.

“மிசின் ஒண்ணு வச்சிருக்கேன் அத்தை. ரொம்ப இரையுதா?”

“இரையட்டும்,” என்றார்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் படியில் நின்றபடியே பார்த்தேன். மாமியார் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றார். பிறகு மாடிப்பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, வலக்கையை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் கொல்லைக் கதவுவரை நடந்துபோனார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

“விடுத்தா. நாலு வருசமா இந்த வீட்ல எனக்குத் தெசையே இல்ல. கெணத்துக்குள்ள போட்ட மாதிரி கெடந்தேன். இப்ப மேல ஒம் மிசினு இரையுதுல்ல. அதுக்கு முதுகக் காட்டி நடந்தா கொல்லை. மொகத்தக் காட்டி நடந்தா நாக்காலி. என் சோலிய இனி நானே பாத்துக்கிருவேன்.”

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. அடுப்படி நிலையில் அவளும் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சந்தோஷம் எனக்கு ஒரு மாதம்தான். ஆபீஸ் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்தினார்கள். மாவு மில்லில் இருந்து பேசுகிறீர்களா என்று ஒருவன் கேட்டான். அதற்குள் ஆபீஸ் வேலையும் அந்தப் பெட்டியிலேயே ஓடியதால் அணைத்து வைக்கவும் முடியாது. இதைச் சரிபண்ணு, இல்லையென்றால் பெங்களூர் வந்து உட்கார் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் சோற்றுத் தட்டின் முன்னால் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே, “கொஞ்சம் கொறைச்சாப் போதும்ல? நான் பாக்கவா?” என்றாள். எனக்கு அவள் தெய்வமாகத் தெரிந்தாள்.

மறுநாள் சுருக்குப்பையோடு வந்தாள். பெட்டியைத் தொடவில்லை. மேசையில் கையை வைத்தாள். சுவரில் காதை வைத்தாள்.

“சத்தம் மிசினுல இருந்து வராது. அது நிக்கிற எடத்துல இருந்து வரும். இந்தா, இப்பிடித் தூக்கு.”

மேசையைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டோம். கால்களுக்கு அடியில் டியூப்பை நான்காய் மடித்து வைத்தாள். பெட்டிக்கு அடியிலும் வைத்தாள். பாதி இரைச்சல் அப்போதே போய்விட்டது. பிறகு நான் மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தேன். உள்ளே விசிறிகளுக்கு முன்னால் கம்பளிபோல ஒன்று படிந்திருந்தது. கீழே காய் பொறுக்கும்போது பறக்கும் ஏலக்காய்த் தூசியும் காம்புத் தும்பும். பெட்டியிலிருந்து சூடான பாயச வாசனை வந்தது. காற்றுக்கு வழியில்லாமல்தான் விசிறிகள் அவ்வளவு வேகமாகச் சுற்றியிருக்கின்றன. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அவள் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தாள். விசிறிகள் உட்காரும் இடங்களில் ரப்பர் துணுக்குகளைச் செருகினாள். இந்த வேலையில் இருபது வருடம் இருந்தவர்களிடமும் அந்தக் கைப்பக்குவத்தை நான் கண்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மிச்சம் என் பாடு. விசிறிகளின் வேகத்தைக் கட்டளை கொடுத்துக் குறைத்தேன். ஒன்று மெதுவானதும் மற்ற ஐந்தும் திடீரென்று கதறின. அவள் தலையைச் சாய்த்தாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணு ரொம்ப மெதுவாப் போனா, அது செத்துப்போச்சுன்னு மிசின் நினைச்சுக்கும்க்கா. அதுக்கும் சேத்து மத்த அஞ்சையும் முழு வேகத்துல ஓட்டும்.”

“ஒண்ணு செத்துப்போச்சுன்னு மத்தது அழுகுதாக்கும்.”

“ஆமாக்கா.”

“செத்தாலும் அழ வேணாம்னு அதுக்கிட்டச் சொல்ல முடியாதா?”

“சொல்லலாம்.”

இவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் உயிரோடு இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று மிசினுக்குச் சொன்னேன். ஐந்தும் அடங்கின. ஆறும் அடங்கின. சூடு ஏறுகிறதா என்று பார்த்தேன், ஏறவில்லை. விளக்குகள் மினுங்குவதை வைத்துத்தான் அது ஓடுகிறது என்று தெரிந்தது. “சொன்னதக் கேட்டுக்கிருச்சே,” என்று அவள் பல் தெரியச் சிரித்தாள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றே ஆபீஸ் கூட்டத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். வேலை தப்பியது. அந்தக் குஷியில் கீழே ஒரு மனுஷி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பது எனக்கு நினைவே வரவில்லை. இல்லை, ஒரு தடவை வந்தது. ‘கொஞ்சமாவது கேட்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே இறங்கிப் போய்க் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

எட்டாம் நாள் நடுப்பகலில் பொத்தென்று ஒரு சத்தம். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை என்பதால் காதில் மாட்டியிருந்ததையும் தாண்டிக் கேட்டது. ஓடி வந்தேன். மாமியார் முற்றத்துப் பள்ளத்தில் கிடந்தார். கொல்லை என்று நினைத்து நேர் எதிராக நடந்து, படி இறக்கம் தெரியாமல் விழுந்திருக்கிறார். அவள் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்து நின்றவள்போல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. முன்பே அங்கு நின்றிருந்தவள். ‘அத்தை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

தேனியில் இடுப்பெலும்புக்கு அறுவை முடிந்து மாமியாரைக் கட்டிலோடு திரும்பக் கொண்டுவந்த அன்று நான் அடுப்படிக்குப் போனேன்.

“அக்கா, தெரிஞ்சேதான செஞ்சீங்க?”

“சத்தத்தக் கொறைக்கணும்னு நீதான கேட்ட?”

“அவுக விழப்போறதப் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?”

அவள் அரிசியைக் களைந்து தண்ணீரை வடித்தாள். அதிலும் சத்தம் வரவில்லை.

“ஆமா. நின்னேன்,” என்றாள். “மருமக சத்தம் வாசலுக்குக் கேக்கக் கூடாதுன்னு சொன்னாக. நான் வந்த வருசம். மில்லுக்காரரு மக, சத்தமாத்தான் சிரிப்பேன். கொலுசக் கழட்டுன்னாக, கழட்டுனேன். வாயப் பொத்துன்னாக, பொத்துனேன். பெறகு எட்டாம் மாசம் வலி வந்துச்சு. அன்னைக்கு வாசல்ல வியாபாரிக நெறஞ்சு இருந்தாக. கத்தாதே, அவுக போகட்டும்னாக. சேலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவுக போறதுக்குச் சாயங்காலம் ஆச்சு.”

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“சொன்னதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். வேற என்ன செஞ்சேன்?” என்றாள்.

மாமியார் அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா உங்கள் முன்னால் வந்து வந்து நிற்பாள், தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன. ரப்பர் வாடை வருமே,” என்றார். “யாரு, யாருன்னு நான் தடவிக்கிட்டுக் கேக்கணும்னு நிப்பா. கேக்க மாட்டேன். அவ கால் கடுத்துப் போகட்டும்னு நானும் இருப்பேன்.”

இரண்டு பேரும் ஐந்து வருடம் எதிரெதிரே இருந்து செய்த வேலை இது. எட்டாம் மாதத்தைப் பற்றிக் கேட்டேன்.

“கத்தாதேன்னு சொன்னேனா?” என்றார். “சொல்லியிருப்பேன்.”

அந்த வார்த்தைக்காக அந்த நிமிடம் அவரையும் வெறுத்தேன். ஆனால் வலியில் கிடப்பவர்மேல் வெறுப்பு நிலைக்கவில்லை. மிசினை மறுபடி இரைய விடட்டுமா அத்தை என்றேன். “இனி எங்க நடக்கப் போறேன்,” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், புண் வராமல் பவுடர் போட்டாள். எல்லாம் வாய் திறக்காமல். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே ஓர் ஆசை வளர்ந்தது. இவள் வாயை ஒரு தடவை திறக்கவைக்க வேண்டும். அத்தை காதுபடத் திறக்கவைக்க வேண்டும்.

அதற்கு முன்பே அத்தை போய்விட்டார். மூன்றாம் மாதம், ஒரு காலையில்.

பட்டாசாலையில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. வாடகைக்கு வரும் பெட்டிதானே, அதன் மோட்டார் கடகடவென்று ஆடிக்கொண்டே ஓடியது. வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டு, போடி வியாபாரிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் தலைவிரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் மூத்த மருமகள்தான் ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் தொடரலாம். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாயை இறுக மூடியிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எடுத்துக் குடு மூத்தவளே,” என்றாள் தெருவில் வயதான ஒருத்தி. “எம்புட்டு நேரம்தான் ஊமையாப் போட்டு வைப்பீக?”

“சத்தம் வாசலுக்குக் கேக்கக் கூடாதுன்னு அவுகதான் சொன்னாக,” என்றாள் அவள். உதடு அசைந்ததோடு சரி.

பிறகு குனிந்தாள். இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு டியூப்பை எடுத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டு, ஐஸ் பெட்டியின் எந்தக் கால் ஆடுகிறது என்று கண்டுபிடித்து, மடித்து அதற்கு அடியில் செருகினாள். கடகடப்பு நின்றது. அத்தைக்காக அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே சத்தம் அதுதான்.

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போனேன். மேசைக் கால்களுக்கு அடியிலிருந்த ரப்பரை எல்லாம் உருவி எறிந்தேன். மேசையைச் சுவரோடு சேர்த்து முட்டினேன். மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆறு விசிறிகளில் ஒன்றைப் பிடுங்கி வெளியே எடுத்தேன். ஐந்தும் அலறின. மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அலறின. சுவர் அதிர்ந்தது. கையில் பிடுங்கிய விசிறியோடு இறங்கிவந்து படியின் நடுவில் நின்றேன்.

கீழே எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். “நிப்பாட்டு,” என்று அவள் உதடு சொன்னது.

நான் காதில் கையை வைத்துக் காட்டினேன்.

படிக்குக் கீழே வந்தாள். “நிப்பாட்டும்மா.” குரல் கொஞ்சம் வந்தது. கரகரவென்று வந்தது.

“கேக்கலக்கா,” என்றேன். நன்றாகக் கேட்டது.

அவள் ஏறி வரப் பார்த்தாள். நான் கையை இரண்டு பக்கமும் விரித்து மறித்தேன். கையிலிருந்த விசிறியை அவள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தாள்.

அந்தக் குரலைப் பற்றி அவள் தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. விசிறி இரைச்சலை அது ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வந்தது. “நிப்பாட்டு” என்ற சொல் முதல் தடவை அதில் இருந்தது. இரண்டாவது தடவை சொல் இல்லை, குரல் மட்டும்தான் இருந்தது. அவளே அதைக் கேட்டுத் திகைத்துப்போனவள்போல் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். வாயைப் பொத்தாமல் கை பாதியிலேயே நின்றது.

“எடுத்துட்டா,” என்றாள் அந்த வயதான பெண்.

பெண்கள் எழுந்து வந்து அவளைத் தோளோடு அணைத்து வட்டத்துக்குள் இழுத்து உட்காரவைத்தார்கள். அவள் உதறப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு உதறவில்லை. காய் பொறுக்கும் பன்னிரண்டு பேரும் மாரில் அடித்துக்கொண்டு அவள் குரலுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

நான் மேலே ஓடிப்போய் மிசினை அணைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அணைத்தேன். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. அவள் நிறுத்தவில்லை. படியில் வந்து உட்கார்ந்து கேட்டேன். எட்டு மாதம் சுமந்ததைச் சொன்னாள். பார்க்காத முகத்தைச் சொன்னாள். ஆணா பெண்ணா என்றுகூடக் காட்டாமல் எடுத்துப் போனதைச் சொன்னாள். அத்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஐஸ் பெட்டிக்குள் அத்தை கண்ணை மூடி, முகத்தைத் திருப்பாமல் நேரே வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

கையில் அந்த விசிறி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். கதவு வழியாக வெளியே பார்த்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த வியாபாரிகள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.